மாமியாருக்கு அல்சைமர்: எந்த ஜன்னலில் என்ன கேட்பது?

உங்கள் மாமியாருக்கு 76 வயது. திருச்சியில் உங்களோடு இருக்கிறார். இரண்டு வருடமாக மறதி, போன மாதம் நரம்பியல் மருத்துவர் அல்சைமர் என்று சொல்லிவிட்டார். கணவர் வேலைக்குப் போகிறார், நீங்கள் பள்ளி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறீர்கள். மாமனாரின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மாமியாருக்கு ஏதாவது உதவித் திட்டம் உண்டா, பார்த்துக்கொள்கிற எனக்கும் ஏதாவது உண்டா, இதற்கென்று சங்கம் உண்டா, எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? இதுதான் நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வி.

நான் மருத்துவன் இல்லை. 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். என் மனைவிக்கு 61 வயதில் இந்த நோய் வந்தது, ஒன்பது வருடம் கூடவே இருந்தேன். அதில் முதல் மூன்று வருடம், நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான் நின்றேன். கையில் மருத்துவர் சீட்டு, மேற்கொண்டு எங்கே போவதென்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு விஷயம். (டிமென்ஷியா என்பது நினைவும் புரிதலும் தேய்ந்துபோகிற நோய்களின் பொதுப்பெயர், அல்சைமர் அதில் ஒரு வகை.) “டிமென்ஷியா குடும்பங்களுக்கு உதவி இங்கே கிடைக்கும்” என்று பலகை மாட்டிய ஜன்னல் எந்த அரசு அலுவலகத்திலும் இருக்காது. அதைத் தேடித்தான் நான் அலைந்தேன். உதவி இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக, வேறு வேறு பெயர்களில். கொஞ்சம் முதியோர் நலத்தில், கொஞ்சம் மனநலத்தில், கொஞ்சம் மாற்றுத்திறனாளிகள் துறையில், கொஞ்சம் வருமான வரிச் சட்டத்தில். ஒவ்வொரு இடத்திலும் அவர்களுக்குப் புரிகிற சொல்லைச் சொல்லிக் கேட்டால் வேலை நடக்கும். “மறதி நோய் சார், ஏதாவது உதவி செய்யுங்க” என்று கேட்டால் எல்லோரும் அனுதாபப்படுவார்கள். அதோடு சரி.

நீங்கள் தனியாக இல்லை என்பதற்கு ஒரே ஒரு எண்ணிக்கை சொல்கிறேன். 2023இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது, சுமார் 88 லட்சம் பேர். உங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இருக்கலாம். “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

இனி கையில் இருக்கிற சீட்டைப் பாருங்கள். அதில் நோயின் பெயர் முழுதாக எழுதியிருக்கிறதா, அல்லது “மெமரி லாஸ்” என்று கிறுக்கியிருக்கிறதா? பெயரும் எந்த நிலை என்பதும் தெளிவாக எழுதி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற பாதி விஷயங்களுக்கு அந்தத் தாள்தான் சாவி. இன்னொன்று, வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனையும் மூளை ஸ்கேனும் ஆகிவிட்டனவா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். பி12 குறைவு, தைராய்டு, கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டியிருப்பது, கடுமையான மனச்சோர்வு எல்லாம் மறதியாக வேஷம் போடும், அவற்றைச் சரிசெய்ய முடியும். நரம்பியல் மருத்துவர் பார்த்திருக்கிறார் என்றால் பெரும்பாலும் இதெல்லாம் முடிந்திருக்கும். கேட்பதில் தப்பில்லை.

தனியார் மருத்துவமனையிலேயே தொடர்ந்து காட்டுவது கட்டுப்படியாகாது என்றால், திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். “மனநலப் பிரிவா?” என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். என் மைத்துனர் சுளித்தார். டிமென்ஷியாவை நரம்பியல், மனநலம், முதியோர் மருத்துவம் மூன்று துறையினரும் பார்ப்பார்கள். இரவில் தூங்காமல் நடப்பது, திருடன் வந்துவிட்டான் என்று கத்துவது, குளிக்க மறுப்பது போன்றவற்றுக்கு வழி சொல்வதில் மனநல மருத்துவர்கள்தான் அதிகம் பழகியவர்கள். திருச்சிக்கு வெளியே இருப்பவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் வட்ட மருத்துவமனைகளுக்கு வருவார். எந்தக் கிழமை என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். சென்னைக்கு வர முடிகிறவர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. முதியோர் மருத்துவத்துக்கென்று இந்தியாவிலேயே முதலில் தனிப்பிரிவு தொடங்கியது 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான். நம் ஊரில் இந்தத் துறை நேற்று முளைத்ததல்ல.

மூன்று தொலைபேசி எண்களை அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். 14567, முதியோர் உதவி எண், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. ஓய்வூதியம், சட்டம், காப்பகம் என்று எந்தத் தகவலுக்கும் கூப்பிடலாம். 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இந்த எண் உங்கள் மாமியாருக்கு என்பதைவிட உங்களுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு நான்காவது முறையாகப் படுக்கையை மாற்றிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழத் தோன்றும்போது கூப்பிட ஒரு எண் வேண்டும். மூன்றாவது 104, மருத்துவ ஆலோசனைக்கு.

சரி, சங்கம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லும் இந்திய அல்சைமர் சங்கம் 1992இல் கேரளத்தில் தொடங்கியது. பல ஊர்களில் கிளைகள் உண்டு, சென்னையிலும் உண்டு. அப்புறம் சென்னை அண்ணா நகரில் ஸ்கார்ஃப். மனச்சிதைவு நோய்க்காக 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய அமைப்பு. அங்கே டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கென்றே தனிப்பிரிவு நடக்கிறது. நோயாளிக்கு மட்டுமில்லாமல் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பயிற்சி, ஆலோசனை எல்லாம் உண்டு. திருச்சியிலிருந்து சென்னைக்கு எப்படி வருவேன் என்று கேட்பீர்கள். வர வேண்டாம், முதலில் போன் செய்யுங்கள். பார்த்துக்கொள்பவர்கள் ஒருவரோடொருவர் பேசும் கூட்டம் இருக்கிறதா, வீடியோ காலில் சேர முடியுமா என்று இந்த இரண்டு வரியை மட்டும் கேளுங்கள்.

கூட்டத்தில் என்ன கிடைத்துவிடும் என்று நானும் நினைத்தேன். பத்துப் பேர் உட்கார்ந்து அவரவர் கஷ்டத்தைச் சொல்வதைக் கேட்க நான் ஏன் பஸ் ஏற வேண்டும்? மகள் வற்புறுத்தியதால் போனேன். மூன்றாவது கூட்டத்தில், லாரி ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நேத்து அவ கையில அடிச்சிட்டேன்.” யாரும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு, “நான் கிள்ளியிருக்கேன்” என்றார். அதற்கப்புறம் அரை மணி நேரம் பேசியது முழுக்க, கோபம் வருகிற நேரம் எது, அதற்கு முன்னால் என்ன நடக்கிறது, அந்த நேரத்தில் அறையை விட்டு எப்படி வெளியே போவது என்பதுதான். அவருக்குக் கோபம் வந்தது சாயங்காலம் குளிப்பாட்டும்போது. காலையில் பத்து மணிக்குக் குளிப்பாட்டச் சொன்னார்கள். அடுத்த மாதம் வந்து, பிரச்சினை பாதியாகிவிட்டது என்றார். இதை எந்த மருத்துவரும் சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை.

இது என் அனுபவம் மட்டுமில்லை. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, முடிவுகள் 2008இல் வெளியாயின. உள்ளூர் ஆட்களுக்கே கொஞ்சம் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் செய்ததெல்லாம் நோயைப் பற்றி விளக்குவது, நடத்தைப் பிரச்சினைகளுக்கு யோசனை சொல்வது, குடும்பங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுவது, அரசுத் திட்டங்களைச் சொல்வது. பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தேறியது, நோயாளியின் தொல்லைகளால் அவர்கள் படும் அவஸ்தையும் குறைந்தது. ஆக, இப்போது உங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் மருத்துவம் நடக்கிறது என்றால் கணக்கில் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறது.

பகல் நேரக் காப்பகம் விஷயத்தில் திருச்சிக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழக அரசின் அன்புச்சோலை மையங்கள் 2025 நவம்பரில் உங்கள் ஊரில்தான் தொடங்கி வைக்கப்பட்டன. முதியவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போகிற இடம். டிமென்ஷியாவுக்கென்று வைத்ததல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் இன்னும் தானாகச் சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போய், நான்கு பேரோடு உட்காரக்கூடிய நிலையில் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். முதலில் நீங்களும் கூடப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அழைத்து வாருங்கள். நான்கைந்து தடவை அப்படிப் போனபிறகுதான் தனியாக விட வேண்டும். முதல் நாளே விட்டுவிட்டு வந்தால் “என்னைக் கொண்டுபோய் எங்கேயோ தள்ளிட்டா” என்று ஆரம்பித்துவிடும். அப்புறம் அந்த வாசலைக்கூட மிதிக்க மாட்டார்.

இந்த ஆரம்ப நிலையில் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். இங்கிலாந்தில் உருவான ஒரு குழுப் பயிற்சி முறையை ஸ்கார்ஃப் நம் ஊருக்கு ஏற்ப மாற்றிச் சோதித்துப் பார்த்தது. மூல முறையில் வாரம் இரண்டு முறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு. பழைய படம், பாட்டு, சாமான்களின் விலை, சாப்பாடு என்று ஒவ்வொரு நாளும் ஒரு விஷயம் பேசுவார்கள். இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்று பரீட்சை வைக்காதீர்கள், “வத்தக்குழம்புக்கு எந்த வத்தல் நல்லது?” என்று அபிப்பிராயம் கேளுங்கள். நினைவைக் கேட்டால் சுருங்கிப்போவார்கள், அபிப்பிராயம் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். என் மனைவி என் பெயரை மறந்த பிறகும் நான் வாங்கி வந்த கத்தரிக்காயைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள்.

வீட்டுக்கு ஆள் வைப்பதைப் பற்றி. அட்டெண்டர், ஆயா, ஹோம் நர்ஸ் என்று ஏஜென்சிகள் மூன்று பெயர் சொல்லும், மூன்றுக்கும் வேறு வேறு கட்டணம். உங்களுக்கு ஊசி போடவோ டியூப் மாற்றவோ தேவையில்லை என்றால் நர்ஸ் வேண்டாம். பொறுமையான அட்டெண்டர் போதும். எங்களுக்கு ஒரு ஏஜென்சி இரண்டு வாரத்தில் மூன்று பேரை மாற்றி மாற்றி அனுப்பியது. ஒவ்வொரு புதிய முகத்துக்கும் என் மனைவி பயந்து, அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறை மூலையில் நின்றாள். நான்காவது ஆள் வந்தபோது ஒரு வேலை செய்தேன். ஒரு பக்கத் தாளில் அவளைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். “டீச்சரம்மா என்று கூப்பிட்டால் திரும்புவாள். காபி டம்ளரில்தான், கப்பில் கொடுத்தால் தொட மாட்டாள். முந்தானையைத் திருகினால் பாத்ரூம் போக வேண்டும் என்று அர்த்தம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ‘வீட்டுக்குப் போகணும்’ என்பாள், இதுதான் வீடு என்று வாதம் செய்யாதே. செருப்பு மாட்டி, பிள்ளையார் கோவில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, ‘வந்துட்டோம்’ என்று சொல்.” அந்தப் பெண் நான்கு வருடம் இருந்தாள். அவளுடைய குணம் பாதிக் காரணம், அந்தத் தாள் பாதி. இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அங்குள்ள செவிலியருக்கும் அதையே கொடுக்கலாம்.

மருத்துவமனை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த நோய் மாதக்கணக்கில் மெல்லத்தான் இறங்கும். இரண்டு நாளில் திடீரென்று ஆளே மாறிப்போனால், பகலில் தூங்கி இரவில் பிதற்றினால், நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதாவது இருக்கும். உடனே காட்டுங்கள்.

பிற்பாடு படுக்கையோடு ஆகிவிட்டால் மக்களைத் தேடி மருத்துவம் உதவும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். அதில் பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் (குணமாக்க முடியாத நோயில் வலியையும் அவஸ்தையையும் குறைப்பது) அதே திட்டத்தில் வீடு தேடி வரும் என்பது பலருக்குத் தெரியாது. நான் முன்னே சொன்னது இங்கேதான் பொருந்தும். பகுதி சுகாதார நிலையத்தில் “மறதி நோய்” என்று ஆரம்பித்தால் டாக்டரைப் பாருங்கள் என்பார்கள். “படுத்த படுக்கையாக இருக்கிறார், நோய்த்தணிப்பு செவிலியர் வீட்டுக்கு வர வேண்டும், பெயரைப் பதிவு செய்யுங்கள்” என்று கேளுங்கள். இந்தச் சொல் அவர்கள் பதிவேட்டில் இருக்கிற சொல். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவது, மூக்கில் டியூப் இருந்தால் அதைப் பார்ப்பது, உங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலையில் அடக்கம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாமா? வாங்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் மனநோய் என்ற தலைப்பு இருக்கிறது. அதற்கு ஊனத்தின் அளவைக் கணிக்கும் ஐடியாஸ் என்ற அளவுகோல் 2002இல் வந்தபோதே டிமென்ஷியாவும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. விண்ணப்பம், மருத்துவக் குழு எல்லாவற்றுக்கும் கலெக்டர் அலுவலகத்தோடு இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். “மனநோய் என்று அட்டையில் வருமே” என்று உங்கள் கணவர் தயங்கலாம். நான் தயங்கி ஒன்றரை வருடம் கடத்தினேன். அட்டையை யாரும் வாசலில் மாட்டச் சொல்லவில்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று வந்தால்தான் பலன், ஆகவே மிக ஆரம்ப நிலையில் போய் அலைய வேண்டாம். போகும்போது சமையல், பணம், குளியல், ஆடை என்று அவரால் தனியாக எதெல்லாம் முடியவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மருத்துவக் குழு முன்னால் உட்காருகிற பத்து நிமிடம் மட்டும் இவர்கள் ராஜா மாதிரி பதில் சொல்வார்கள், நாம்தான் பொய் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

வருமான வரியில் இரண்டு சலுகை இருக்கிறது. இரண்டும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடிபி பிரிவுக்கான நோய்ப் பட்டியலில் டிமென்ஷியா என்று பெயர் சொல்லியே இருக்கிறது. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, நரம்பியல் நிபுணரின் சீட்டு வேண்டும். மூத்த குடிமக்களின் சிகிச்சைக்குச் செலவழித்த தொகையில் ஒரு லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். இன்னொன்று 80டிடி, சான்றிதழ் இருந்தால் 75,000 ரூபாய், கடுமையான ஊனத்துக்கு 1,25,000 ரூபாய். இதற்குச் செலவுக் கணக்குப் பார்ப்பதில்லை. உங்கள் கணவர்தான் மகன் என்ற முறையில் கோர முடியும். ஆனால் “சார்ந்திருப்பவர்” என்ற நிபந்தனை இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் வருகிற அம்மாவை அப்படிக் காட்ட முடியுமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, அதையும் அவரே சொல்வார்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வங்கியில் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த குடும்பங்கள் பல. அப்பாவுக்கு எதுவும் புரிவதில்லை, அவர் கணக்கில் பணம் இருக்கிறது, அவர் மருந்துக்கே எடுக்க முடியவில்லை. “பவர் எழுதி வாங்கி வெச்சிருக்கோம் சார்” என்று, தனக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரத்தை நீட்டுவார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் மனம் தெளிவாக இல்லாத நிலைக்குப் போய்விட்டால் அந்தப் பவர் முடிந்துபோகிறது. எப்போது அது தேவைப்படுகிறதோ அப்போதுதான் அது செல்லாது. வெளிநாடுகளில் அதற்குப் பிறகும் செல்லுகிற மாதிரி எழுதிக்கொள்ள வழி இருக்கிறது, இங்கே இல்லை. பவர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

இன்னொரு நம்பிக்கை, கைநாட்டு. உடம்பு முடியாமல் கையெழுத்துப் போட முடியாத ஓய்வூதியருக்கு ரிசர்வ் வங்கி ஒரு வழி வைத்திருக்கிறது. கைவிரல் ரேகை, அது முடியாவிட்டால் கால்விரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. பணத்தை யார் வாங்கிக்கொள்வது என்பதையும் ஓய்வூதியரே குறித்துக் கொடுக்கலாம். நானே வீடுகளுக்குப் போய் மைப்பெட்டியை வைத்துக்கொண்டு ரேகை வாங்கியிருக்கிறேன். ஆனால் இது கை நடுங்குகிறவருக்கும் பக்கவாதம் வந்தவருக்குமான வழி. என்ன செய்கிறோம் என்று புரியாதவருக்கு இது பொருந்தாது. கட்டிலில் இருக்கிறவரிடம் “பணம் எடுக்கணுமா?” என்று அதிகாரி கேட்டு, அவர் “நீ யாரு?” என்றால் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போய் காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், வக்கீல் செலவு, மாதக்கணக்கில் காத்திருப்பு.

ஆகவே அவருக்குப் புரிகிற நாட்கள் இருக்கும்போதே, இந்த மாதமே, வங்கிக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலும் காலை நேரத்தில் தெளிவாக இருப்பார்கள், பதினோரு மணிக்கு முன்னால் போங்கள். நிரந்தர வைப்புகளில் “இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்” என்ற முறையில் மகன் பெயரைச் சேர்ப்பது, நியமனதாரர் (நாமினி) பெயரைச் சரிபார்ப்பது, ஓய்வூதியக் கணக்குக்கு அந்தக் கிளை என்ன அனுமதிக்கிறது என்று மேலாளரிடம் நேரடியாகக் கேட்பது, இதெல்லாம் ஒரே நாளில் முடியும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் சொல்லியிருக்கிறது, கேட்டால்தான் வருவார்கள். வாழ்வுச் சான்றிதழுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்துப் பதிவு செய்வார், 70 ரூபாய். முகத்தைக் காட்டிச் செல்போனிலேயே செய்கிற வசதியும் வந்துவிட்டது.

சொத்து ஏதாவது இருந்து உயில் எழுத விரும்பினால், அதுவும் தெளிவு இருக்கும்போதுதான். அன்றைய தேதியில் மனநிலை தெளிவாக இருக்கிறது என்று மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பின்னால் ஒரு மகள் மனவருத்தத்தில் கேள்வி கேட்டால் அது காப்பாற்றும். முக்கியமாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிய வைத்துச் செய்யுங்கள். பார்த்துக்கொண்டவர்தான் எழுதி வாங்கிவிட்டார் என்ற பேச்சு மருமகள் தலையில்தான் விழும்.

வீட்டை விட்டு வெளியே போய்விடுகிற பழக்கம் ஆரம்பித்திருந்தால் உங்கள் போன் எண்ணைக் கைவளையலில் பொறித்தோ ஜாக்கெட்டின் உள்பக்கம் தைத்தோ வையுங்கள். வாசல் தாழ்ப்பாளைக் கண் உயரத்துக்கு மேலே மாற்றுங்கள், இவர்கள் மேலே நிமிர்ந்து தேடுவது குறைவு. காணாமல் போனால் 112. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பத்தாவது நிமிடமே போகலாம். சமீபத்தில் எடுத்த ஒரு புகைப்படம் எப்போதும் போனில் இருக்கட்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. கோயம்புத்தூர் நாத்தனார் தினமும் போனில் யோசனை சொல்கிறார், ஒரு நாளும் வந்து இருந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். அரசு அலுவலகத்துக்குச் சொன்னதே அவருக்கும். “கொஞ்சம் உதவி பண்ணுங்க அண்ணி” என்றால் “என்ன வேணும்னாலும் சொல்லு” என்று பதில் வரும், அதோடு முடிந்தது. “வர்ற மாசம் ரெண்டாவது சனி ஞாயிறு நீங்க இங்க வந்து அம்மாகூட இருங்க, இவ அவங்க அம்மா வீட்டுக்குப் போறா, டிக்கெட் போட்டாச்சு” என்று கணவரை விட்டே சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவை சண்டை வரும். வந்து இரண்டு ராத்திரி கூடப் படுத்தால் அவருடைய யோசனைகளின் தரமே மாறிவிடும்.

என் மகள் அப்படி முதல் தடவை பூனாவிலிருந்து வந்து, “அப்பா, சாயங்காலம் வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதீங்க” என்று வெளியே அனுப்பினாள். எங்கே போவதென்று தெரியவில்லை. நான்கு மாதமாக முடி வெட்டவில்லையே என்று சலூனுக்குப் போனேன். நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். கடைக்காரர் எழுப்பவில்லை. கண் விழித்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள், பெஞ்சில் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.